பன்னிரண்டு வரை எண்ணுவோம்: பல்வகைக் குறைபாடுள்ள குழந்தையும் என் வகுப்பறையும்

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எண்ணும் எழுத்தும் வகுப்புகள் எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவியைப் பற்றியும், அவள் விஷயத்தில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். அதே தவற்றை இன்னோர் ஆசிரியர் செய்யாமல் இருக்க இது உதவினால் போதும்.

அவள் பெயரை எழுதவில்லை. வீட்டில் 'பாப்பா' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பாப்பாவுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் வலக் கையும் விறைப்பாக இருக்கும். பேச்சு வரவில்லை. பார்வைக் குறைபாடும் உண்டு என்று அவளது சான்றிதழில் இருந்தது. அம்மா காலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். சுவரோரம் பாய் விரித்து, தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போவார். மதிய உணவு நேரத்தில் வந்து, ஊட்டிவிட்டு, கூட்டிக்கொண்டு போவார்.

நான் அவளிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. போகும்போதும் வரும்போதும் தலையைத் தடவிவிட்டுத்தான் போவேன். மின்னட்டைகளை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டுவேன். காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாம் முறை காட்டினாலும் அப்படித்தான். அதற்குள் பத்துப் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி நிற்பார்கள். நான் எழுந்து போய்விடுவேன். ஆண்டு முடிவில் அவளுக்கான பதிவில் இப்படி எழுதினேன்: 'எந்தத் துலங்கலும் இல்லை.'

எழுதியதோடு நிற்கவில்லை. அவள் அம்மாவை அழைத்து, பாப்பாவுக்கு வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதற்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள் என்றேன். அவள் நன்மைக்காகச் சொல்கிறேன் என்றுதான் நம்பினேன். இப்போது யோசித்தால், அது எனக்கு எளிதாக இருந்ததால் சொல்லியிருக்கிறேன் என்று தெரிகிறது.

"ஏன் டீச்சர், இங்க அவ ஒண்ணும் கத்துக்கலையா?" என்று கேட்டார்.

"நான் எதைக் காட்டினாலும் பாக்க மாட்டேங்கிறாம்மா. முகத்தைத் திருப்பிக்கிறா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பாக்காம இல்ல டீச்சர். பாத்துட்டுத்தான் திரும்பிக்கிறா. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா கை வரும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

பல்வகைக் குறைபாடு என்றால் என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள் மட்டுமே இருந்தன. அந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அது பல்வகைக் குறைபாடு. பார்வையும் செவித்திறனும் ஒருசேரப் பாதிக்கப்பட்ட நிலையையும் சட்டம் இதற்குள்ளேயே வைத்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவாயினர். அவர்களில் சுமார் 21 லட்சம் பேர் பல்வகைக் குறைபாடு உடையவர்கள்.

சட்ட விளக்கம் இவ்வளவுதான். வகுப்பறையில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் கண் கைகொடுக்கும். சைகை மொழியையும் உதட்டசைவையும் எழுத்தையும் கண்ணால் கற்கும். கண் தெரியாத குழந்தைக்குக் காதும் விரல்நுனியும் வழி. இரண்டும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் ஒன்றுக்கு ஒன்று துணை என்பது போய்விடுகிறது. கண் தெரியாத குழந்தைக்குக் கை விறைத்திருந்தால் பிரெயில் புள்ளிகளைத் தடவ முடியாது. பேச்சு வராத குழந்தைக்குப் படம் தெளிவாகத் தெரியாவிட்டால், படத்தைச் சுட்டிக்காட்டித் தேவையைச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு குறைபாடுகள் சேரும்போது வரும் சிரமம், கூட்டல் கணக்கில் அடங்காது. பெருக்கிக்கொண்டே போகும்.

இதனால் நமக்கு ஒரு பெரிய ஏமாற்றமும் நேர்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் குழந்தையால் வெளியே காட்ட முடியாதபோது, உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் கட்டிய முடிவு அதுதான்.

கண் நன்றாக இருந்தும் பார்வை வராத நிலை

அடுத்த கல்வியாண்டில் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநரிடம் பாப்பாவின் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். மூளைசார் பார்வைக் குறைபாட்டைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

இந்த நிலையில் கண் நன்றாகவே இருக்கலாம். கண் அனுப்பும் செய்தியை மூளை வாங்கிப் பிரித்துப் பொருள் கொள்வதில்தான் தடை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடம் இது பரவலாகக் காணப்படுகிறது. இதன் அடையாளங்கள் சிலவற்றை அவர் சொல்லச் சொல்ல, நான் ஓராண்டு முழுவதும் பார்த்தும் பார்க்காமல் இருந்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

- பொருளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பிய நிலையிலேயே கையை நீட்டுவது. பார்ப்பதையும் கையை நகர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்வது இவர்களுக்குக் கடினம்.
- பதில் வருவதற்கு நீண்ட நேரம் எடுத்துக்கொள்வது.
- சில நிறங்கள், பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள், கவனத்தை எளிதில் ஈர்ப்பது.
- அசையாத பொருளைவிட அசையும் பொருளை எளிதில் கவனிப்பது.
- பல படங்கள் நெருக்கமாக இருந்தால் எதையும் காணாதது போல இருப்பது.
- சத்தம் அதிகமானால் பார்வை 'அணைந்துவிடுவது'.
- ஜன்னல் வெளிச்சத்தையோ மின்விளக்கையோ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது.
- ஒருநாள் பார்ப்பது போலவும் மறுநாள் பார்வையே இல்லாதது போலவும் தோன்றுவது. களைப்பு, பசி, தூக்கமின்மை எல்லாம் இதைப் பாதிக்கும்.

இதைக் கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் தினமும் அருகில் இருப்பவர்கள். என் வகுப்பறைச் சுவரை நினைத்துப் பார்த்தேன். பாப்பா சாய்ந்திருந்த இடத்துக்கு எதிரில் எழுத்து அட்டவணை, எண் அட்டவணை, காகிதத் தோரணம், பிள்ளைகளின் ஓவியங்கள் என்று ஓர் அங்குலம் இடம் விடாமல் ஒட்டிவைத்திருந்தேன். அந்த ஜனநெருக்கடியின் முன்னால் பதினாறு படங்கள் கொண்ட மின்னட்டையைக் காட்டிக்கொண்டே, "பாரு பாரு, இது என்ன?" என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பன்னிரண்டு

ஒரு வியாழக்கிழமை. காலை உணவு முடிந்திருந்தது. பாப்பாவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தோம். சுவரில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டோம். மற்றப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் மரத்தடிக்கு அழைத்துப் போயிருந்தார். பாப்பா வீட்டில் தண்ணீர் குடிக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் டம்ளரை அம்மா கொண்டுவந்திருந்தார்.

சிறப்புப் பயிற்றுநர் என்னிடம் டம்ளரைக் கொடுத்தார். "காட்டுங்க. லேசா ஆட்டுங்க. பேசாதீங்க. மனசுக்குள்ள எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். மூன்று வரை அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு, ஐந்தில் கண் டம்ளரின் பக்கம் வந்தது. ஆறில் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓராண்டாக நான் எழுந்து போன இடம் இதுதான். அன்றைக்கும் என் கை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. பயிற்றுநர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு எண்ணும்போது பாப்பாவின் இடக் கை பாயிலிருந்து எழும்பி, தடுமாறி, டம்ளரின் விளிம்பில் வந்து பட்டது. முகம் அப்போதும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

அம்மா சிரித்தார். அவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நான் பதிவேட்டில் எழுதிய வரியைப் பற்றி அவரிடம் அன்றே சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

33 நாள்கள்

ஹெலன் கெல்லரின் கதையை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் நீர் விழ, மறு கையில் ஆசிரியர் ஆன் சல்லிவன் எழுத்துக் குறிகளை இட, எல்லாப் பொருளுக்கும் பெயர் உண்டு என்பது ஹெலனுக்கு விளங்கிய காட்சியைத்தான் சொல்வோம். அது நடந்தது 1887 ஏப்ரல் 5. சல்லிவன் அந்த வீட்டுக்கு வந்தது மார்ச் 3. இடையில் 33 நாள்கள். முதல் நாளிலிருந்தே அவர் பொம்மை, கேக் என்று பொருள்களைக் கொடுத்துக் கையில் எழுதிக்கொண்டே இருந்தார். ஹெலனின் விரல்கள் அதைத் திருப்பிச் செய்தன. ஆனால் அந்த விரலசைவு ஒரு பெயர் என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. கோபமும் அடமும் அழுகையுமாக நாள்கள் போயின. இருபதாவது நாள் ஒரு பார்வையாளர் வந்து குறிப்பு எழுதியிருந்தால், நான் எழுதிய வரியைத்தான் அவரும் எழுதியிருக்கக்கூடும்.

எல்லாக் குழந்தையும் ஹெலன் கெல்லர் ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பெற்றோருக்குச் செய்யும் கொடுமை. நான் கற்றுக்கொண்டது, பதில் வராத நாள்களும் கற்பித்தல் நாள்களே என்பதைத்தான்.

வகுப்பறையில் செய்து பார்த்தவை

கீழ்க்காண்பவை சிறப்புப் பயிற்றுநரின் வழிகாட்டலில் என் வகுப்பில் செய்து பார்த்தவை. செலவு பெரிதாக இல்லை.

1. சொல்லிவிட்டுத் தொடுதல். திடீரென்று தூக்குவது, முகம் துடைப்பது, நாற்காலியை நகர்த்துவது இவை குழந்தையைத் திடுக்கிட வைக்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உடல் மேலும் விறைத்துக்கொள்ளும். அருகில் வந்து பெயர் சொல்லி, எப்போதும் ஒரே இடத்தில், நான் பாப்பாவின் இடத் தோளில், மெல்லத் தொடுவேன். பிறகுதான் அடுத்த வேலை. காது கேட்காத குழந்தைக்கு ஆசிரியர் யார் என்பதைக் காட்ட ஓர் அடையாளம் கொடுக்கலாம். வளையலைத் தொடவைப்பது, கைக்கடிகாரத்தைத் தொடவைப்பது போல.

2. ஒரு நேரத்தில் ஒரு புலன். பார்க்கச் சொல்லும்போது பேசுவதில்லை. பேசும்போது காட்டுவதில்லை. இதை நான் அடிக்கடி மறந்துவிடுவேன். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள், "டீச்சர், நீங்க பேசிக்கிட்டே காட்டுறீங்க, அதான் பாப்பா பாக்கல" என்று திருத்தினான்.

3. காத்திருத்தல். கேட்டதும் மனத்துக்குள் எண்ணுகிறோம். இடையில் கேள்வியைத் திரும்பக் கேட்டால் குழந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் மாணவருக்கு எட்டு போதுமா இருபது வேண்டுமா என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. நாள்பெட்டி. ஒரு நீள அட்டைப்பெட்டியில் நான்கு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் அன்றைய ஒரு நிகழ்வுக்கான பொருள். சாப்பாட்டுக்குக் கரண்டி, கதைக்குத் துணிப்பொம்மை, விளையாட்டுக்குக் கயிற்றுத் துண்டு, வீட்டுக்குப் போக அம்மாவின் பழைய சேலைத் துண்டு. நிகழ்வு தொடங்குமுன் அந்தப் பொருளைக் கையில் கொடுக்கிறோம். முடிந்ததும் அதைக் கூடையில் போடுகிறோம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வரும் அழுகை இதனால் வெகுவாகக் குறைந்தது. பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்தமுறை நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுகிறது.

5. 'வேண்டும்', 'வேண்டாம்'. பேச்சு இல்லாத குழந்தையும் இவ்விரண்டையும் ஏதோ ஒரு வழியில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பாப்பா வேண்டாம் என்றால் உதட்டை இறுக மூடுவாள். வேண்டும் என்றால் வாயைத் திறந்து ஒரு மெல்லிய ஒலி எழுப்புவாள். இதை எழுதி அவள் இருக்கைக்கு மேலே ஒட்டிவைத்தோம். சத்துணவு அமைப்பாளர் உட்பட எல்லோரும் ஒரேவிதமாகப் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அவள் வேண்டாம் என்று சொன்னால் அதை மதித்து நிறுத்தவும் வேண்டும். மதிக்கப்படாத சொல்லை யார் திரும்பச் சொல்வார்கள்?

6. அதே பாடத்தில் அவளுக்கு ஒரு பங்கு. மற்றவர்களுக்குக் கணக்கு, அவளுக்கு மட்டும் பொம்மை என்று பிரிப்பதில்லை. கூட்டல் பாடத்தில் பிள்ளைகள் புளியங்கொட்டைகளை எண்ணித் தகர டப்பாவில் போடுவார்கள். கடைசிக் கொட்டையைப் பாப்பா போடுவாள். 'டங்' என்று கேட்டதும் எல்லோரும் மொத்தத்தைச் சொல்வார்கள். 'ம' எழுத்து நடக்கும்போது மண்ணும் மஞ்சளும் அவள் கைக்கு வரும். முழு வேலையையும் செய்ய முடியாதவர், அதில் ஒரு பகுதியைச் செய்தாலும் அது பங்கேற்பே.

7. அளந்து எழுதும் இலக்கு. 'பாப்பாவின் கவனம் மேம்படும்' என்று எழுதினால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. தனிநபர் கல்வித் திட்டத்தில் இப்படி எழுதினோம்: 'கறுப்புப் பின்னணியில் காட்டப்படும் இரண்டு பொருள்களில் ஒன்றை, 15 நொடிகளுக்குள், 5 வாய்ப்புகளில் 3 முறை பார்வையாலோ கையாலோ தேர்ந்தெடுப்பாள்.' இதை எட்ட அவளுக்கு ஐந்து மாதம் ஆனது.

உட்காரும் முறை, உணவு, வலிப்பு

தலை நிலையாக நிற்காத குழந்தைக்குக் கண்ணும் கையும் வேலை செய்யாது. இடுப்பு நாற்காலியின் பின்பகுதியில் ஒட்டி, பாதங்கள் தரையிலோ பலகையிலோ ஊன்றி, முன்னால் ஒரு மேசைத் தட்டு இருக்க வேண்டும். மருத்துவ முகாமில் அளவெடுத்துச் சிறப்பு நாற்காலி கிடைக்கும்வரை, இயன்முறை மருத்துவர் காட்டியபடி, மடித்த போர்வைகளையும் மரப்பெட்டியையும் வைத்துச் சமாளித்தோம். ஒரே நிலையில் நெடுநேரம் உட்காரவைக்கவும் கூடாது.

ஊட்டும்போது குழந்தையைப் படுக்கவைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டக் கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றே கீழ்நோக்கி இருக்க, சிறு சிறு கவளமாக, முதல் கவளம் உள்ளே போன பிறகே அடுத்தது. சாப்பிடும்போது அடிக்கடி இருமல் வந்தாலோ, அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்தாலோ மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

இத்தகைய குழந்தைகள் பலருக்கு வலிப்பும் வரும். வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் கரண்டி வைப்பதும், கைகால்களை அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம். அடிபடும் பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளியுமுன் அடுத்தது வந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். தினசரி மாத்திரை விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்பது நம் கடமை.

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு

பல்வகைக் குறைபாடு பிறவியிலேயே தெரிந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அஷர் நோய்த்தொகுப்பு என்ற மரபுவழி நிலையில், செவித்திறன் குறைந்த குழந்தைக்கு வளரும் பருவத்தில் விழித்திரையும் மெல்லப் பாதிக்கப்படும். முதலில் மாலை மங்கலில் பார்வை குறையும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல ஆகும். காது கேட்காத மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் தடுக்கி விழுந்தால், பக்கத்தில் வருபவர்மீது அடிக்கடி மோதினால், வெயிலிலிருந்து அறைக்குள் வந்ததும் தடுமாறினால், ஓரத்திலிருந்து காட்டும் சைகையைத் தவறவிட்டால், 'கவனக்குறைவு' என்று கடிந்துகொள்ளாமல் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சைகையைக் கண்ணால் கற்றுவந்த பிள்ளைக்கு, மீதமிருக்கும் பார்வையோடு பிரெயிலையும் தொடு சைகையையும் பழக அவகாசம் கிடைப்பது பெரிய காரியம்.

தடுக்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா தொற்றினால் குழந்தைக்குச் செவித்திறன் குறைபாடு, கண்புரை, இதயக் கோளாறு ஆகியவை சேர்ந்து வரலாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு உள்ளிட்ட சில பகுதிகளில் முதலில் தொடங்கியபோது, நம் பள்ளிகளிலும் ஊசி போடப்பட்டது. அப்போது பரவிய வதந்திகளுக்குப் பெற்றோரிடம் பதில் சொன்ன ஆசிரியர்கள், இன்னும் பிறக்காத குழந்தைகளையும் காத்திருக்கிறார்கள்.

உரிமையும் உதவியும்

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அளிக்கிறது. வெளியே கொண்டுவர முடியாத உடல்நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இந்தத் தேர்வு குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரியது. பள்ளிக்கு உரியதன்று. நான் செய்தது போல, நம் வசதிக்காக அதை நாம் பரிந்துரைக்கக் கூடாது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைகள் 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விருப்பப்படும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின்கீழ் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். போக்குவரத்துப் படி, துணையாளர் படி பற்றியும் அங்கேயே கேட்கலாம். தனித்துவ அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பல்வகைக் குறைபாட்டுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவருகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 பல்வகைக் குறைபாடு உள்ளவர்களையும் உள்ளடக்கியது. 18 வயதுக்குப் பிறகு தேவைப்படுவோருக்குப் பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழு, மாவட்ட ஆட்சியரின் தலைமையில் செயல்படுகிறது. இவற்றைப் பல பெற்றோர் அறிய மாட்டார்கள். ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாலே ஒரு நாள் கூலியும் அலைச்சலும் அவர்களுக்கு மிச்சம்.

அவர்களிடம் நாம் கேட்டு வாங்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்தால் வசதி, எந்த நிறம் பிடிக்கும், எந்தச் சத்தம் பயம், வலித்தால் எப்படிக் காட்டுவாள்? சேர்க்கையின்போது ஆதார் எண்ணைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்கலாம். பாப்பாவின் அம்மா பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். மகளின் பார்வையைப் பற்றி எந்த அறிக்கையிலும் இல்லாத செய்தியை அவர்தான் எனக்குச் சொன்னார்.

இன்று

பாப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வருகிறாள். இரண்டு நாள் வீட்டுப் பயிற்சி. அப்படி வேண்டும் என்று முடிவுசெய்தவர் அவள் அம்மா. எல்லாம் ஏறுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து வலிப்பு வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தபோது, கற்றதில் பாதி போயிருந்தது. நாள்பெட்டியை முதல் பொருளிலிருந்து மறுபடி தொடங்கினோம். பேச்சு வரவில்லை. வராமலே போகலாம். ஆனால் இரண்டு கதைப் பொம்மைகளில் எது வேண்டும் என்று அவளைக் கேட்கலாம். அவள் பதில் சொல்வாள்.

பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். பாப்பாவிடம் எதையாவது நீட்டினால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சத்தமில்லாமல் விரல்விட்டு எண்ணுகிறார்கள். யாராவது அவசரப்பட்டால் பக்கத்துப் பிள்ளை வாயில் விரல் வைத்து அடக்குகிறது. இந்தப் பழக்கத்தால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. வகுப்பில் மெதுவாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டு நானும் இப்போது எண்ணுகிறேன். அவர்களுக்கும் பதில் தெரிந்திருக்கிறது.

பழைய பதிவேட்டில் நான் எழுதிய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே தேதியிட்டு இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: 'துலங்கல் இருந்தது. ஆசிரியர் காத்திருக்கவில்லை.'